ஞாயிறு பத்து முதல் இரண்டு வரை

எங்கள் சீனியரிடம் ஜூனியராகச் சேருகிறவர்கள் சட்டப் புத்தகத்தை எதிர்பார்த்து வருவார்கள். மேடம் எடுத்துக் கொடுப்பது ஒரு மாதக் காலண்டரும், ஏதாவதொரு பள்ளிக்கூடத்தின் டைரியும். காலாண்டுப் பரீட்சை எப்போது, அரையாண்டு எப்போது, எந்தச் சனிக்கிழமையெல்லாம் வகுப்பு உண்டு, இந்த வருஷம் தீபாவளி என்ன கிழமை என்று பார்த்துக் குறிக்கச் சொல்வார். எனக்கும் அப்படித்தான். வக்கீல் தொழிலில் இது எதற்கு என்று அப்போது விளங்கவில்லை.

கொரட்டூர் ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடுகிற தூரத்தில், ஹவுசிங் போர்டு வீடு ஒன்றின் முன்னறைதான் ஆபீஸ். நில வழக்கும் செக் வழக்கும் வந்தாலும் பாதிக்கு மேல் குடும்ப வழக்கு. அதிலும் மேடத்தைத் தேடி வருவது பெரும்பாலும் ஒரே வேண்டுகோள்: பிரிந்துவிட்டோம், குழந்தை அந்தப் பக்கம் இருக்கிறது, பார்க்க வழி செய்யுங்கள். இல்லையென்றால் அதற்கு மறுபக்கம்: அவர் பார்க்கக் கேட்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. கோர்ட்டில் இதை ‘விசிட்டேஷன் பெட்டிஷன்’ என்போம். பெரிய வழக்குக்குள் போடுகிற சின்ன இடைக்கால மனு. அதை எழுதுவதுதான் நான் இங்கே கற்றுக்கொண்ட தொழில்.

முதல் பயிற்சி, முடிந்துபோன வழக்குக் கட்டுகளைப் பின்னாலிருந்து படிப்பது. “உத்தரவு வாங்கினதோட கதை முடியாதும்மா. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பாரு” என்பார் மேடம். கடைசிப் பக்கங்களில் நிறைவேற்றுதல் மனுவோ, அவமதிப்பு மனுவோ, தேதியை மாற்றக் கேட்கும் மனுவோ இருக்கும். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் தொடக்கத்தில் ஓர் உத்தரவு, அதில் ஒரு வரி: வாரம் ஒருமுறை மனுதாரருக்குக் குழந்தையைக் காட்ட வேண்டும். எங்கே? எத்தனை மணிக்கு? யார் கூட்டி வருவது? எதுவும் இல்லை. அவர் பஸ் டெர்மினஸில் நின்றிருக்கிறார், அந்த அம்மா வீட்டு வாசலில் காத்திருந்ததாகச் சொல்கிறார். இருவரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். குழந்தை மட்டும் யாரையும் பார்க்கவில்லை. இன்னொரு கட்டில் தகராறு பாட்டியால் வந்தது. அப்பா தன் அம்மாவையும் அழைத்து வந்திருக்கிறார், உத்தரவில் பாட்டி பேர் இல்லை என்று குழந்தையைத் திருப்பிக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

இப்படிச் சில கட்டுகளைப் படித்ததும் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த வழக்குகள் தோற்பது வாதத்தில் இல்லை. நேரம், இடம், வண்டிச் சத்தம், யார் கூட வரலாம் என்பவற்றில்தான்.

சட்டம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம் ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 13-வது பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையின் நலம் என்கிறது. இந்துத் திருமண வழக்கு ஏற்கெனவே நடந்தால் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை. யாரிடம் குழந்தை என்ற உத்தரவு, நிலைமை மாறினால் மாற்றத்தக்கதே என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மேடம் இவற்றை ஒரே மாலையில் சொல்லி முடித்துவிட்டார்.

எந்தக் கோர்ட் என்பதில்தான் சற்று நேரம் போனது. காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குள் மனுப் போட வேண்டும். கொரட்டூர் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. ரயிலில் ஐந்தாவது ஸ்டேஷனான ஆவடி திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு குழந்தையுடன் ஆவடியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆனால், ‘வழக்கமான வசிப்பிடம்’ எது? இதிலேயே ஒரு வருஷம் வாய்தா ஓட்டிவிடலாம். ஓட்டுகிறவர்களும் உண்டு. அதனால் பள்ளிச் சேர்க்கைச் சீட்டு, ஆதார், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கி வைக்கச் சொல்வார் மேடம்.

அடுத்துக் கற்றது ஷிப்ட் சார்ட் வாசிக்க. நம் பக்கத்து அப்பாக்கள் பலருக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டிலோ பட்டரவாக்கம் பட்டறைகளிலோதான். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். ‘எல்லாச் சனிக்கிழமையும் காலை 10 மணி’ என்று மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டால், இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். எதிர்த்தரப்பு அதை ஃபோட்டோ எடுத்து அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்யும். ஆகவே கட்சிக்காரர் வந்ததும் கல்யாணக் கதைக்கு முன்னால் ஷிப்ட் சார்ட்டைக் கேட்போம். அவருக்கு அது பிடிப்பதில்லை. நெஞ்சில் உள்ளதைக் கொட்ட வந்தவரிடம் வேலை நேரம் கேட்டால் எப்படி இருக்கும்? அரை மணி நேரம் கொட்ட விட்டுப் பிறகு கேட்க வேண்டும். இதுவும் கற்றுக்கொண்டதுதான்.

யார் பயணம் செய்வது என்பது அடுத்த கேள்வி. இதற்கு மேடம் மேஜையில் எப்போதும் ஒரு தீர்ப்பின் நகல் இருக்கும், கரூர்–மதுரை வழக்கு. அம்மா மதுரையில், இரண்டு வயதுப் பெண் குழந்தை அவரிடம். அப்பா கரூரில். ஞாயிற்றுக்கிழமைதோறும் குழந்தையைக் கரூருக்கு அழைத்துவந்து காட்ட வேண்டும் என்று கீழே உத்தரவு. போக வர ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரம் நாத், பிரசன்னா வராலே அமர்வு அதை மாற்றியது. அப்பாவின் உரிமையை மறுக்கவில்லை, இடத்தைத்தான் மாற்றியது. இனி மதுரையில், பொதுப் பூங்காவிலோ கோயில் வளாகத்திலோ, ஞாயிறு காலை 10 முதல் மதியம் 2 வரை. குழந்தை மிகச் சிறியது என்பதால் அம்மா அங்கேயே இருக்கலாம், ஆனால் பத்தடி தள்ளி.

அந்தப் பத்தடியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் அடிக்கணக்கு போடுமா என்று. மேடம் சிரிக்கவில்லை. “அந்தப் பத்தடி இல்லேன்னா அந்தம்மா மடியில வெச்சிக்கிட்டே உக்காந்திருப்பாங்க. குழந்தை எப்படி அப்பாகிட்ட போகும்? அதே நேரம் அழுதா ஓடி வர்றதுக்கும் பத்தடி போதும்” என்றார். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு பேரின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. அதன் பிறகு நான் எழுதும் மனுக்களில் தூரம், நேரம், வாசல் பெயர் எல்லாம் தானாக வர ஆரம்பித்தன.

நேர் எதிரான பாடமும் ஒன்று உண்டு. அது 2022-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது. ஒரே அடுக்குமாடி வளாகத்தில் தனித்தனியாக வசித்த தம்பதி. அம்மாவின் வீட்டிலேயே அப்பா வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அனுமதித்தார். அதோடு, வருகிறவரை விருந்தாளிபோல நடத்த வேண்டும், சிற்றுண்டி, இரவு உணவு கொடுத்துக் குழந்தையோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். வந்தவரை வாவென்று சொல்லாத வீடு நம்மில் உண்டா, இதில் தப்பென்ன என்றுதான் எனக்குத் தோன்றியது. பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது.

இதைப் பற்றி ஆபீசில் ஒரு மாலை முழுக்கப் பேச்சு. குமாஸ்தா அண்ணன் தனி நீதிபதியின் பக்கம். “ஒரு டம்ளர் காப்பி குடுத்தா என்ன குறைஞ்சிடும்?” என்றார். மேடம் கேட்டது வேறு. காப்பி கொடுக்கவில்லை என்று அவமதிப்பு மனுப் போட முடியுமா? ஆறிப்போன காப்பி கொடுத்தால்? முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தால்? மரியாதையை உத்தரவில் எழுதினால், அதை மீறியதாக வாரா வாரம் ஒரு புகார் வரும். பார்க்கும் நேரம் அந்தப் புகாரிலேயே கரைந்துவிடும். எனக்கு அந்தத் தனி நீதிபதியின் மனசு இன்றும் பிடிக்கிறது. பிள்ளைக்கு முன்னால் இரண்டு பேரும் மனிதர்களாக நடந்துகொள்ளுங்கள் என்றுதானே கேட்டார்? ஆனால் மனு எழுதும்போது அளக்கக்கூடியதை மட்டும் கேட்கிறேன்.

பிரமாணப் பத்திரம் எழுதுவது தனிக் கலை. வருகிற கட்சிக்காரர் ஒவ்வொருவரும், எதிராளி எவ்வளவு மோசம் என்பதை எழுதச் சொல்வார்கள். விவாகரத்து மனுவில் அதற்கு இடம் இருக்கிறது. விசிட்டேஷன் மனுவில் ஒவ்வொரு வசவும் எதிர்மனுவில் ஒரு பக்கமாகத் திரும்பி வரும், கேஸ் ஒரு வாய்தா தள்ளிப்போகும், அதற்குள் பிள்ளைக்கு அப்பா முகம் மங்கும். மேடம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். வரைவைக் கையில் வாங்கியதும் அதில் குழந்தை எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் வட்டம் போடுவார். குழந்தை எத்தனை மணிக்கு எழுந்திருக்கும், எப்போது டியூஷன், பாட்டு கிளாஸ் உண்டா, ஆஸ்துமா மருந்து ஏதாவது எடுக்கிறதா, காரம் சாப்பிடுமா? இவை பத்திரத்தில் இருந்தால், கேட்கிறவருக்குக் குழந்தையைத் தெரியும் என்று நீதிபதிக்கு விளங்கிவிடும். பல அப்பாக்களுக்கு இதற்குப் பதில் தெரிவதில்லை என்பதும் உண்மை. அப்போது அதைத் தெரிந்துகொள்ளும் வழியாக, பள்ளி ஆசிரியர் கூட்டத்துக்குப் போகவும் மார்க் ஷீட் பார்க்கவும் அனுமதி கேட்டுத் தனியாக ஒரு பத்தி எழுதுவோம்.

பணத்தை இதில் கலக்கக் கூடாது என்பதில் மேடம் கறார். ஜீவனாம்சம் கட்டினேன், ஆகவே பார்க்கும் உரிமை உண்டு என்று எங்கள் தரப்பில் எழுத விடமாட்டார். பாக்கி வைத்திருக்கிறார், ஆகவே காட்டமாட்டேன் என்றும் எழுத விடமாட்டார். இரண்டும் குழந்தைக்குச் சேர வேண்டியவை, ஒன்றுக்கு ஒன்று ஈடு வைக்க முடியாது.

குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை அல்ல. நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் நிற்கிறோம். நீதிபதி பெரும்பாலும் கட்சிக்காரரையே நேராகக் கேட்பார். ஆகவே கோர்ட்டில் நாங்கள் பேசுவதைவிட, அவர் பேசுவதற்கு வெளியே செய்கிற தயாரிப்புதான் அதிகம். கொரட்டூரிலிருந்து பீச் வண்டியில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போகும் அந்த நேரத்தில்தான் என் வேலை பாதி முடியும். வில்லிவாக்கம் வரை அவர் திட்டுவார், வியாசர்பாடிக்குள் அடங்கிவிடுவார், ராயபுரம் தாண்டும்போது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பழகியிருப்பார்: குழந்தையோடு இரண்டு மணி நேரம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?

குழந்தையிடம் நீதிபதி தனியாகப் பேசுவதும் உண்டு. விவரம் தெரிந்த வயதென்றால் அதன் விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்று 1890 சட்டமே சொல்கிறது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அங்கே அப்படியே வெளியே வந்து விழும். ஏழு வயதுப் பிள்ளை ‘மன உளைச்சல்’ என்று பேசினால் யாருக்குத் தெரியாது? அதனால் எங்கள் கட்சிக்காரர் யாராக இருந்தாலும் ஒரே அறிவுரை: எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள், காலையில் நல்ல சாப்பாடு கொடுத்துக் கூட்டி வாருங்கள்.

குழந்தை வாயால் சொல்லாததை உடம்பால் சொல்லும் என்பதற்கு ஒரு கேரளக் குடும்பத்தின் வழக்கைக் காட்டுவார் மேடம். பையன் தந்தையிடம் போக வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது. அதன் பிறகு பையனுக்குப் பிரிவுப் பயம் முற்றிவிட்டது என்று வேலூர் சி.எம்.சி. மனநல நிபுணர்களின் அறிக்கை வந்தது. 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் மறுஆய்வில் தன் முடிவை மாற்றி, தாயிடமே விட்டு, தந்தை பார்த்துப் பழக வழி செய்தது.

எல்லாருக்கும் பார்க்கும் உரிமை வாங்கித் தருவது எங்கள் வேலை இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு வரும் என்று மாஜிஸ்திரேட் கருதினால் அனுமதி மறுக்க வேண்டும் என்கிறது. அடிவாங்கிய பெண் எதிரே உட்கார்ந்து, ‘அவர் வந்தாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விடும்’ என்று சொல்லும்போது காலண்டரை மூடி வைக்க வேண்டும். பயம் வேறு, கோபம் வேறு. இரண்டும் ஒரே வார்த்தைகளில்தான் வரும். பிரித்தறிய எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. மேடம் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் பக்கத்து வீட்டிலும் பழைய மருத்துவச் சீட்டுகளிலும் அதைத் தேடுவார்.

இடைப்பட்ட வழக்குகளில் முதல் சில சந்திப்புகளைக் குடும்ப நீதிமன்றத்தின் குழந்தைகள் மையத்தில் வைக்கச் சொல்வார்கள். விளையாட்டுச் சாமான் உண்டு, கண்காணிக்க ஆள் உண்டு. ஆனாலும் அது கோர்ட்தான், பிள்ளைகளுக்கு அது தெரியும். அதற்கு அடுத்தபடியாக எல்லாரும் கேட்பது மால். எனக்கு மால் பிடிக்காது. பட்டறையில் சம்பளம் வாங்குகிற ஒருவர் ஒவ்வொரு ஞாயிறும் திருமங்கலம் மாலில் பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை ஐஸ்கிரீம் வாங்க முடியும்? கையில் காசில்லாத வாரம் வராமல் இருந்துவிடுகிறார்கள். அதை ‘அக்கறையில்லை’ என்று எதிர்த்தரப்பு எழுதிவிடும். எங்கள் மனுவில் பூங்கா, கோயில், சர்ச், அத்தை வீடு என்று காசு செலவாகாத இடங்களைத்தான் முதலில் எழுதுகிறேன்.

மழைக்கும் ஒரு வரி வேண்டும். கொரட்டூரில் இருந்துகொண்டு இதை மறக்க முடியாது. நவம்பரில் ஏரி நிறைந்து தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றால், யார் குழந்தையை எங்கே கூட்டிப் போவது? மழையாலோ காய்ச்சலாலோ ஒரு வாரம் தவறினால் அதற்கு ஈடாக எந்த நாள், யார் யாருக்கு எத்தனை மணிக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று உத்தரவிலேயே இருந்தால் சண்டை பாதி குறையும். கோடை விடுமுறை இதைவிடச் சிக்கல். பிள்ளைகளுக்கு லீவு விடும் மே மாதத்தில்தான் உயர் நீதிமன்றத்துக்கும் விடுமுறை. ஏப்ரல் கடைசியில் எழுந்து மனுப் போட்டு, உத்தரவு பாதகமாகி, மேலே போவதற்குள் பள்ளி திறந்துவிடும். கோடைக்கான மனு எங்கள் ஆபீசில் பிப்ரவரியிலேயே தயாராகிவிடும்.

வெளிநாட்டு வழக்குகளும் இப்போது கொரட்டூருக்கு வருகின்றன. பையன் அமெரிக்காவில், மருமகள் பேரனோடு இங்கே, அல்லது தலைகீழ். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நேரில் பார்க்க முடியாத பெற்றோருக்கு ஃபோன், வீடியோ கால் வழியாகப் பேசும் உரிமை உண்டு, தினமும் ஐந்து பத்து நிமிஷமாவது பேச விட வேண்டும் என்றது. படிக்க எளிது. டல்லாஸில் இருக்கும் அப்பாவுக்கு இரவு 8 மணி என்றால் இங்கே காலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 7.30 ஆகிவிடும். 7.30-க்கு ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடிக்கும். ‘அம்மா வேண்டுமென்றே ஃபோன் எடுப்பதில்லை’ என்று அங்கிருந்து மெயில் வரும். இப்போதெல்லாம் ‘இந்திய நேரப்படி’ என்று சேர்த்துவிடுகிறேன். நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது பெரியவர், பிள்ளையின் வேன் இல்லை.

2015-ல் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் கூட்டுப் பொறுப்பு, பெற்றோர் இருவரும் எழுதிக்கொள்ளும் திட்டம் என்று நிறையப் பரிந்துரைத்தது. பத்து வருஷம் தாண்டியும் அது சட்டமாகவில்லை. நாங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் அட்டவணையை நாங்களே எழுதி, கையெழுத்து வாங்கி, கோர்ட்டில் பதிவுசெய்து விடுகிறோம்.

இப்போது வரைவுகளை நானே எழுதுகிறேன், மேடம் பென்சில் வட்டம் மட்டும் போடுகிறார். சென்ற வாரம் எழுதியது பத்தாம் வகுப்புக்குப் போகும் பையனுக்கானது. நாலாம் வகுப்பில் இருந்தபோது வாங்கிய உத்தரவு, சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை. இப்போது சனிக்கிழமை முழுக்க ஸ்பெஷல் கிளாஸ். அம்மா தடுக்கவில்லை, அப்பாவும் குறை சொல்லவில்லை, நேரம்தான் இல்லை. பையனைக் கேட்டால், பரீட்சை முடிகிறவரை ஞாயிறு சாயங்காலம் அப்பா பைக்கில் வந்து ஏரிக்கரைப் பக்கம் ஒரு ரவுண்டு கூட்டிப் போனால் போதும் என்கிறான். ‘ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை, ஏப்ரல் முதல் பழைய நேரம்’ என்று எழுதினேன். மேடம் ஒரு வார்த்தைதான் சேர்த்தார்: ஹெல்மெட்டுடன். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், வாய்தா அடுத்த மாதம் இருக்கிறது.